கடைசி ஸ்க்ரீன்ஷாட்டுக்கு முன்னால் நடந்தது என்ன?

பள்ளி முதல்வரின் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கும், அல்லது "நாளைக்கு கேட்டுக்கு வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்று மிரட்டியிருக்கும். எண் தெரிகிறது, பெயர் தெரிகிறது, இரவு எத்தனை மணி என்பதும் தெரிகிறது. யார் மேல் தப்பு என்று தீர்மானிக்க வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த ஸ்க்ரீன்ஷாட் ஒரு நீண்ட கணக்கின் கடைசி வரி மட்டுமே என்பது பல நேரங்களில் விசாரணை முடிந்து, பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகே தெரியவரும். சில நேரங்களில் தெரியவருவதே இல்லை.

இணையப் பகடிவதையைப் பற்றிப் பேசும்போது வதைப்பவர், வதைபடுபவர் என்று இரண்டு தரப்பாகப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது: வதைபட்டுக்கொண்டே வதைப்பவர்கள். ஸ்வீடன் பள்ளிகளில் 1970-களிலேயே இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ், அடங்கிப்போகும் பிள்ளைகளிலிருந்து வேறுபட்டு, சீண்டப்பட்டால் சீறுகிற பிள்ளைகளைத் தனி வகையாகவே அடையாளம் கண்டார். வகுப்பறையில் அவர்கள் சிறு தொகை. போன் வந்த பிறகு அந்தத் தொகை பெருத்திருப்பதாகவே தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் மிஷெல் இபாராவும் கிம்பர்லி மிட்செலும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று. 10 முதல் 17 வயது வரையிலான 1,501 பிள்ளைகளிடம் கேட்டார்கள். முந்தைய ஓராண்டில் இணையத்தில் பிறரைத் தாக்க மட்டும் செய்தவர்கள் 12 சதவீதம்; தாக்கப்பட மட்டும் செய்தவர்கள் 4 சதவீதம்; இரண்டும் 3 சதவீதம். கடைசி எண் சிறியதாகத் தோன்றும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: தாக்கப்பட்டவர்கள் மொத்தம் 7 சதவீதம், அந்த ஏழு பேரில் மூன்று பேர், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானோர், தாங்களும் யாரையோ தாக்கியிருக்கிறார்கள். இணையத்தில் தாக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நேரில் வதைபட்டவர்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய காலத்துத் தகவல் இது.

அதன்பின் ராபின் கோவால்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2014-ல் 131 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை இணையத்தில் பிறரை வதைக்குமா என்பதோடு மிக வலுவாகத் தொடர்புபட்ட காரணிகளில் ஒன்றாக, அந்தப் பிள்ளையே இணையத்தில் வதைபட்டிருப்பது வெளிப்பட்டது. ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் வந்துள்ளன. அவை காட்டும் தொடர்பு இருவழிப்பட்டது. வதைபட்டவர் பின்னாளில் வதைக்கிறார். வதைத்தவரும் பின்னாளில் வதைபடுகிறார்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனைச் சேர்ந்த நீதி மற்றும் குற்றத் தடுப்பு மையம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 24 வயது வரையிலான 1,700-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏதோ ஒரு வகை மின்வழி வதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அது மிக்ஸிட் காலம். சாதாரண போனிலேயே சில சென்ட் செலவில் அரட்டை அடிக்கலாம் என்று நாட்டின் இளைஞர்கள் அதில் குவிந்திருந்தார்கள். மிக்ஸிட் மறைந்து வாட்ஸாப்பும் டிக்டாக்கும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பெரும்பாலான ஆய்வுகள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு முறை, ஒரே வினாத்தாளில், "உன்னை யாராவது அப்படிச் செய்தார்களா? நீ யாரையாவது செய்தாயா?" என்று கேட்பவை. எது முதலில் நடந்தது என்று அவற்றிலிருந்து சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிவரை போனோடு கிடக்கும் பிள்ளைக்கு இரண்டும் நடக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் கூச்சலும் அடியும் பழகிப்போன பிள்ளைக்கும் அப்படியே. அங்கே ஒன்று மற்றொன்றை உண்டாக்கவில்லை, இரண்டையும் மூன்றாவது ஒன்று உண்டாக்குகிறது.

இன்னொரு சிக்கல், சமபலமுள்ள இருவரின் சண்டை. இரண்டு தோழிகள் ஒரு வாரம் ஸ்டேட்டஸில் மாறி மாறிச் சாடைபேசிக்கொண்டால், வினாத்தாளில் இருவரும் "வதைபட்டு வதைப்பவர்" என்று பதிவாகிவிடுவார்கள். ஓல்வேயுஸின் வரையறையில் மூன்று கூறுகள்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, பலத்தில் ஏற்றத்தாழ்வு. மூன்றாவது இல்லாத இடத்தில் இருப்பது சண்டை. அதற்குச் சமாதானம் பேசலாம். ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் சமாதானப் பேச்சு தீங்காகவே முடியும். ஆகவே எடுத்தவுடன் கேட்க வேண்டியது, இவர்களில் யாரிடம் கூட்டம் இருக்கிறது என்பது.

மறந்துவிடக் கூடாத ஒன்றும் உண்டு. வதைபடும் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் யாரையும் வதைப்பதில்லை. "அவனும் பாவம் அடிவாங்கியவன்தானே" என்பது நடந்ததை விளக்கலாம், நடந்ததற்கு மன்னிப்புச் சீட்டாகாது.

அடி கைமாறும் வழிகள்

எளிதான வழி நேர்ப் பழிவாங்கல். பள்ளி மைதானத்தில் உயரம், உடல்பலம், கூட இருக்கும் கூட்டம் எல்லாம் கணக்கில் வரும். போனில் அவை எதுவும் வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேச முடியாத பிள்ளை, படுக்கையில் போர்வைக்குள் இருந்துகொண்டு எழுதிவிடலாம். எதிரே இருப்பவரின் முகம் வாடுவது தெரியாது, குரல் உடைவது கேட்காது. உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் விவரித்த தடை தளர்வு இதுதான்: திரைக்குப் பின்னால் நாக்கின் கடிவாளம் கழன்றுவிடுகிறது.

இரண்டாவது வழி அதிகம் நடப்பது, குறைவாகப் பேசப்படுவது. தன்னை வதைப்பவரை நெருங்கவே முடியாத பிள்ளை, தன்னைவிட எளிய இன்னொன்றைத் தேடுகிறது. மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டும் கதைதான். குற்றவியலாளர் ராபர்ட் ஆக்னியூ 1992-ல் விரித்தெழுதிய அழுத்தக் கோட்பாடு இதைத் தெளிவாக்குகிறது. தப்ப வழியில்லாத, நியாயமற்ற ஒரு துன்பம் கோபத்தைச் சேர்க்கிறது; கோபம் செயல்பட ஓர் இடம் தேடுகிறது. அடித்தவர்மேல் காட்ட முடியாவிட்டால் அகப்பட்டவர்மேல்.

மூன்றாவது, பாதுகாப்புக்காகக் கூட்டத்தில் சேர்வது. நேற்றுவரை குறிவைக்கப்பட்ட பிள்ளை, இன்று குறி வேறொருவர்மேல் திரும்பியதும் முதல் ஆளாகச் சிரிப்பு எமோஜி போடும். பார்வைக்குக் குரூரமாகத் தெரியும். அந்தப் பிள்ளையைக் கேட்டால், போடாவிட்டால் குறி மறுபடி தன்மேலேயே திரும்பும் என்ற பயத்தைச் சொல்லும். பின்லாந்தின் கிறிஸ்தீனா சல்மிவள்ளி 1990-களில் வகுப்பறைப் பாத்திரங்களை ஆராய்ந்து, வதைப்பவருக்கு உதவிக்கு நிற்பவர், அவரை ஊக்கப்படுத்துபவர், ஒதுங்கி நிற்பவர், வதைபடுபவரைக் காப்பவர் என்று பிரித்தார். வதைபட்டவர்கள் இந்த ஊக்கப்படுத்துபவர் இடத்தில் வந்து நிற்பதை வாட்ஸாப் குரூப்புகள் வெகு சுலபமாக்கிவிட்டன. ஒரு விரல் அசைவு போதும்.

இவற்றோடு சேர்ந்து வேலை செய்வது மனத்தின் ஒரு பழக்கம். தொடர்ந்து தாக்கப்படும் பிள்ளை, பொருள் விளங்காத எதையும் பகையாகவே வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980 முதலே இந்தப் பகை வாசிப்பை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எழுத்துச் செய்தியில் பொருள் விளங்காதது ஏராளம். நீல டிக் விழுந்தும் பதில் வராதது, வெறும் "கே" என்ற பதில், யாரைப் பற்றியது என்று சொல்லாத ஒரு ஸ்டேட்டஸ். அடிபட்ட பிள்ளைக்கு இவை மூன்றும் மூன்று அடி. அதற்குத் திருப்பி எழுதும். எதிர்த்தரப்புக்கு அது முதல் அடியாகத் தெரியும். இரண்டு பேரும் "அவன்தான் ஆரம்பித்தான்" என்று சொல்வார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

எதிர்த்திசையும் உண்டு. குரூப்பில் அதிகாரம் செலுத்திய பிள்ளையின் பழைய குரல்பதிவு ஒன்று வெளியே கசிந்தால், பத்து நிமிடத்தில் மொத்த வகுப்பும் அதன்மேல் பாயும். "அவளுக்கு வேண்டும்" என்று பெரியவர்களே பகிர்ந்து தள்ளுவதும் உண்டு. 2021 ஏப்ரலில் லிம்போப்போ மாகாணத்தில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி அடிக்கப்படும் வீடியோ பரவியபோது நாடே கொதித்தது. அந்த மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அத்தகைய வீடியோவைக் கண்டிப்பதற்காகப் பகிர்பவரும், கேலிக்காகப் பகிர்பவரும், அடிபட்டவரின் குடும்பத்துக்குச் செய்வது ஒன்றேதான்.

சுவடு விடும் பிள்ளை, விடாத பிள்ளை

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் பள்ளி ஆலோசகர்களுக்கு இதன் ஒவ்வொரு துண்டும் பழக்கமானதே. கிரேட் 8 படிக்கும் பையன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். நாக்கில் வேல், அருள் வந்து ஆடுகிறான். அத்தை மகன் பெருமையாக எடுத்த வீடியோ குடும்பக் குரூப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒருவர் வழியாக வகுப்புக்குப் போகிறது. அடுத்த நாள் அவன் முகம் வாட்ஸாப் ஸ்டிக்கராகிவிடுகிறது. கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுத்தால் அந்த ஸ்டிக்கர், ஃபுட்பால் டீம் தோற்றால் அந்த ஸ்டிக்கர். திட்டு ஒன்றும் இல்லை. அவனை குரூப்பிலிருந்து நீக்குகிறார்கள், சேர்க்கிறார்கள், மறுபடி நீக்குகிறார்கள். மூன்றாவது வாரம் அவன் இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு தொடங்கி, வகுப்பில் தன்னைவிடத் தனிமைப்பட்ட ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறான். அதற்கு நூறு லைக். பிறகு ஒரு நள்ளிரவில் ஸ்டிக்கர் செய்தவனுக்குத் தன் சொந்த எண்ணிலிருந்தே கொலைமிரட்டல் அனுப்புகிறான். காலையில் முதல்வரின் மேசையில் இருப்பது அந்தக் கொலைமிரட்டல்.

இதில் கவனிக்க வேண்டியது சாட்சியத்தின் ஏற்றத்தாழ்வு. முதலில் வதைத்தவன் நிதானமாக இருக்கிறான். அவன் ஆயுதங்கள் ஸ்டிக்கரும் சிரிப்பும் ஒதுக்கலும். தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. திருப்பி அடிப்பவன் உணர்ச்சிவசப்பட்டு, தன் பெயரில், அப்பட்டமான சொற்களில் அடிக்கிறான். பள்ளி விதிகளும் சட்டமும் சொற்களைப் பிடிக்கும். மூன்று வாரத்துச் சிரிப்பைப் பிடிக்காது. ஒதுக்கிவைப்பதை வதையாக எழுதி வைக்காத நடத்தை விதி, திருப்பி அடிப்பவரை மட்டுமே பிடிக்கும் வலை என்பது எங்கள் கருத்து. அதே சமயம் அந்தப் பெண் பிள்ளையை மறந்துவிட முடியாது. அவள் இந்தக் கதையில் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, அவளுக்கு அவன் வதைப்பவன் மட்டுமே.

ஆகவே இது மூன்று தனித்தனிச் செயல். ஸ்டிக்கரும் ஒதுக்கலும் ஒன்று, போலிக் கணக்கு ஒன்று, மிரட்டல் ஒன்று. மூன்றுக்கும் மூன்று விசாரணை, மூன்று முடிவு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "இரண்டு பக்கமும் தப்பு" என்று முடிப்பது பள்ளிகளுக்குப் பிடித்த வழி. அப்படி முடித்தால் ஸ்டிக்கர் செய்தவன் தப்புகிறான், அந்தப் பெண்ணின் வழக்கு மறைந்தே போகிறது.

இரண்டு பாத்திரத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து இளமைவரை பின்தொடர்ந்து, வில்லியம் கோப்லண்டும் டீட்டர் வோல்க்கும் மற்றவர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வும் பீதிக் கோளாறும் தற்கொலை எண்ணமும் மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தப் பிரிவினரிடம்தான். இவர்களுக்கு இரக்கம் கிடைப்பதும் குறைவு. சிடுசிடுப்பு, சட்டென்று வெடிக்கும் கோபம், எதற்கும் எதிர்ப்பேச்சு என்று ஆசிரியருக்கும் பிடிக்காத பிள்ளையாக இருப்பார்கள். அழும் பிள்ளைக்கு ஓடிவரும் உதவி, சீறும் பிள்ளைக்கு வருவதில்லை.

குடும்பக் குரூப் என்னும் இரண்டாவது மைதானம்

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின் கீழ் 1960-களில் சாட்ஸ்வொர்த்தும் 1976-ல் ஃபீனிக்ஸும் உருவாயின. இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. பெரியப்பா பிள்ளையும் சித்தி பிள்ளையும் ஒரே பள்ளி. கோயில் விழாவிலும் புரட்டாசி விரதத்துச் சாப்பாட்டிலும் ஞாயிறு தமிழ் வகுப்பிலும் அதே முகங்கள். நல்ல நாளில் இது பெரிய பலம். வதை நடக்கும்போது, தப்பி ஒதுங்க ஓர் இடம் இல்லாமல் செய்வதும் இதுவே. பள்ளியில் பரவிய படம் மாலைக்குள் தாத்தாவின் போனில் இருக்கும்.

பெரியவர்கள் கலந்துகொள்வதுதான் இங்கே அதிகம் கெடுக்கிறது. ஓர் அம்மா கோபத்தில் இன்னொரு ஆன்ட்டிக்குக் குரல்பதிவு அனுப்புகிறார். அது ஏழு குரூப்பில் சுற்றுகிறது. பிள்ளைகள் ராசியான பிறகும் குடும்பங்கள் ராசியாவதில்லை. 2021 ஜூலைக் கலவர நாட்களில் சரிபார்க்காத குரல்பதிவுகள் என்ன வேகத்தில் என்ன பயத்தைப் பரப்பின என்பதைப் பார்த்த ஊர் இது, ஆனாலும் அந்தப் பாடம் ஃபார்வர்ட் பொத்தானை அழுத்தும் விரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மறுகோடியில் "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி வைக்கும் வீடுகள். மூடி வைத்த வீட்டுப் பிள்ளைதான் தானே கணக்குத் தீர்க்கக் கிளம்புகிறது.

முதல் இரவில் செய்ய வேண்டியது

போனைப் பிடுங்காதீர்கள். பிள்ளைகள் நடந்ததைச் சொல்லாமல் மறைப்பதற்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று, சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். அதோடு, சாட்சியம் முழுவதும் அந்தப் போனில்தான் இருக்கிறது. இரவில் மட்டும் போனைக் கூடத்தில் சார்ஜில் போட வைக்கலாம். திருப்பி அடிக்கும் செய்திகள் பெரும்பாலும் தூக்கம் வராத நேரத்தில்தான் புறப்படுகின்றன.

அடுத்தது காலவரிசை. ஒரு காகிதத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதியும் நேரமும், எந்த ஆப், யார் செய்தது, என்ன செய்தது, சாட்சியம் எங்கே இருக்கிறது. பிள்ளை தான் அனுப்பியதையும் அதே வரிசையில் எழுத வேண்டும். இதைப் பெற்றோர் தவிர்க்கப் பார்ப்பார்கள். தவிர்த்தால், எதிர்த்தரப்பு அந்த ஒரு செய்தியைக் காட்டியதும் மற்ற எல்லாச் சாட்சியமும் மதிப்பிழந்துவிடும். நாமே முதலில் வைத்துவிட்டால் அது வரிசையில் பத்தாவது நிகழ்வாகத் தெரியும், இல்லாவிட்டால் ஒரே நிகழ்வாகத் தெரியும்.

சாட்சியம் சேர்ப்பதில் தவறுவது சின்னச் சின்ன விஷயங்களில். வாட்ஸாப்பில் சேமித்த பெயர் எதுவாகவும் இருக்கலாம், ஆகவே பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். படத்தை வெட்டக் கூடாது. மேலே கீழே உள்ள செய்திகளும் நேரமும் தெரிய வேண்டும். உரையாடலை முழுதாக, மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கலாம். அனுப்பியவர் சுமார் இரண்டரை நாள்வரை எல்லோருக்குமாக அழித்துவிட முடியும். ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் போய்விடும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது, இன்னொரு போனால்தான் படம்பிடிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பயனர்பெயரை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், கணக்கின் இணைப்பையும் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் நிர்வாணப் படம் என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் கூடாது, ஆசிரியருக்குக்கூட அனுப்பக் கூடாது. அதை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம். போனை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், குடும்ப வன்முறை மற்றும் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவைக் கேளுங்கள். பிள்ளையிடம் அந்தப் படம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, படத்தை எங்கும் பதிவேற்றாமல் அதன் எண்ம அடையாளத்தை மட்டும் போனிலேயே உருவாக்கி, அதில் பங்கேற்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவும்.

சாட்சியம் சேர்ந்த பிறகு ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக். வரிசை மாறினால் பிளாக் செய்தபின் வருவது எதுவும் கையில் இருக்காது. வாட்ஸாப் குரூப்பிலிருந்து வெளியேறினால் இப்போது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். யார் வேண்டுமானாலும் குரூப்பில் இழுத்துச் சேர்ப்பதைத் தடுக்க, பிரைவசி அமைப்பில் குரூப் என்ற இடத்தில் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

பதில் எழுதியே தீர வேண்டும் என்று துடிக்கும் பிள்ளையை "விடு, கண்டுக்காதே" என்று அடக்குவது வேலைக்கு ஆகாது. எழுதட்டும். நோட்ஸ் ஆப்பில் எழுதட்டும், காலையில் படிக்கட்டும். அனுப்ப வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: "இதை நிறுத்து, இனி அனுப்பாதே." மிரட்டலும் வசையும் இல்லாத அந்த ஒரு வரி பின்னால் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் பயன்படும்.

பள்ளியும் நீதிமன்றமும்

புகார் எழுத்தில் போக வேண்டும், காலவரிசையோடு. கூட்டத்துக்கு வரும் பெற்றோர் கேட்க வேண்டியது: என் பிள்ளை பட்டதை ஒரு வழக்காகவும், என் பிள்ளை செய்ததைத் தனி வழக்காகவும் எடுங்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பலம் உள்ளவர் அங்கே அழகாகப் பேசுவார், மற்றவர் வெடிப்பார், கூட்டம் முடிவதற்குள் யார் கெட்ட பிள்ளை என்று முடிவாகிவிடும். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ஓர் அறிவுரை ஆற்றுவதும் பயனற்றது, ஏனென்றால் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி, பள்ளி நிர்வாகக் குழு ஒரு மாணவரை ஏழு பள்ளி நாட்கள்வரை இடைநீக்கம் செய்யலாம். நிரந்தரமாக வெளியேற்றும் அதிகாரம் மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கே உண்டு. வீட்டில் யாரும் இல்லாத ஏழு நாள், கையில் போன், வகுப்பு முழுவதும் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. இடைநீக்கம் வதையை நிறுத்துவதைவிட வளர்ப்பதற்கே அதிகம் உதவும். இடைநீக்கம் வந்தேவிட்டால், அந்த நாட்களில் பகலில் யாருடன் இருப்பான் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

சட்டத்தில் இரண்டு வாசல். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2011-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம், 2013 ஏப்ரல் 27 முதல் நடைமுறையில் உள்ளது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெற்றோர் துணையின்றிப் பிள்ளையே விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து விவரம் பெற நீதிமன்றம் உத்தரவிடலாம். சிம் பதிவு கட்டாயம் என்பதால், பிள்ளை பயன்படுத்தும் எண் அப்பா பெயரிலோ பாட்டி பெயரிலோ இருக்கக்கூடும்; விசாரணை முதலில் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். இறுதி ஆணை பொதுவாக ஐந்தாண்டு செல்லும், மீறினால் ஐந்தாண்டுவரை சிறை. எதிர்த்தரப்பும் பதிலுக்கு உங்கள் பிள்ளைமேல் ஆணை கேட்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

மற்றொன்று 2020-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டமான சைபர் குற்றச் சட்டம். 2021 டிசம்பர் 1 முதல் இதன் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. வன்முறையைத் தூண்டும் செய்தி, ஒருவரை மிரட்டும் செய்தி, ஒப்புதல் இல்லாமல் அந்தரங்கப் படத்தை வெளியிடுவது என்று 14, 15, 16 பிரிவுகள், தண்டனை மூன்றாண்டுவரை. நம் காவடிப் பையனின் நள்ளிரவுச் செய்தி 15-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடும். ஸ்டிக்கர் இந்தச் சட்டத்தில் எங்கும் வராது. அது துன்புறுத்தல் சட்டத்தின் கீழ், தொடர்ந்து நடந்ததாகக் காட்டினால் மட்டுமே நிற்கும். காலவரிசைக் காகிதத்தின் விலை அங்கேதான் தெரியும்.

"விளையாட்டுக்குச் செய்தோம்" என்பதற்கும் நீதிமன்றம் எல்லை வகுத்திருக்கிறது. பிரிட்டோரியாவில் பள்ளி மாணவர்கள் துணை முதல்வரின் முகத்தை ஆபாசப் படமொன்றில் ஒட்டிப் பரப்பிய வழக்கில், 2011-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் 25,000 ராண்ட் இழப்பீடும் நிபந்தனையற்ற மன்னிப்பும் விதித்தது. வயதைப் பொறுத்தவரை, 2022 ஆகஸ்ட் முதல் 12 வயதுக்குட்பட்டவர்மேல் குற்ற வழக்கு தொடர முடியாது. 12 முடிந்து 14 முடியாதவருக்குக் குற்றப் பொறுப்பு இருந்தது என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். குழந்தைகள் நீதிச் சட்டம், வழக்கிலிருந்து விலக்கி ஆற்றுப்படுத்தும் திட்டங்களுக்கு அனுப்பவும் வழி வைத்திருக்கிறது. பெற்றோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

செய்ததைச் சரிசெய்வது

போலிக் கணக்கில் அவமானப்பட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது? பதிவை நீக்குவது முதல் வேலை, ஆனால் ஆசிரியர் பார்த்துப் பதிவு செய்துகொண்ட பிறகு. மன்னிப்பு இரண்டாவது, அதுவும் அவள் கேட்க விரும்பினால் மட்டும். கட்டாயத்தில் எழுதிய மன்னிப்புக் கடிதம் அவளுக்கு இன்னொரு தொல்லை. "எனக்கு நடந்ததால் உனக்குச் செய்தேன்" என்ற வரி அந்தக் கடிதத்தில் வரவே கூடாது. அவன் பட்டதைக் கேட்க ஆலோசகர் இருக்கிறார், அதைச் சுமக்க வேண்டியவள் அவள் அல்ல. லைக் போட்ட நூறு பேரையும் பள்ளி விட்டுவிடக் கூடாது. குறைந்தது, முதலில் பகிர்ந்த நான்கைந்து பேரின் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும்.

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குவது, தூங்காமல் கிடப்பது, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பதுபோல் பேசுவது தெரிந்தால், யார் மேல் தப்பு என்ற விசாரணையை ஓரமாக வைத்துவிட்டு அன்றே உதவி தேடுங்கள். சைல்ட்லைன் எண் 116, கட்டணமில்லை. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவான சாடாகின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. வதைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையும் இந்த எண்களை அழைக்கலாம். அதை அந்தப் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தனக்கு அந்த உரிமை இல்லை என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

பள்ளியை மாற்றிவிடலாம் என்ற யோசனை பல வீடுகளில் முதலிலேயே வந்துவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸுக்கு மாற்றினாலும் அந்த ஸ்டிக்கர் பிள்ளைக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. மாற்றுவதுதான் வழி என்றால், புதிய எண்ணை முதல் ஒரு பருவத்துக்குக் குடும்பக் குரூப்பில்கூடச் சேர்க்காதீர்கள். புதிய பள்ளியில் சேரும் முன்பே ஒரு ஆசிரியரிடம் காலவரிசையின் நகலைக் கொடுத்து வையுங்கள், பிள்ளை பட்டதும் செய்ததும் இரண்டும் இருக்கிற நகலை.